மீன் முறிக்காத கோல்

தூண்டில் கோல் செய்யும் பெரிய ஆலைகளில் பழுது பார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. முறிந்த கோல்கள் தபாலில் அங்கே வந்து சேரும். அந்தப் பிரிவில் இருப்பவர்களிடம் கோலை முறிக்கும் முதல் எதிரி யார் என்று கேட்டால் மீனைக் கைகாட்ட மாட்டார்கள். கார் கதவு, கூரையில் சுற்றும் மின்விசிறி, தரையில் கிடந்த கோலை மிதித்த கால் என்றுதான் பட்டியல் போகும். இவையெல்லாம் புரிகிற விபத்துகள். புரியாத வகை ஒன்றும் உண்டு. மீனே மாட்டவில்லை, சும்மா வீசிக்கொண்டிருந்தேன், காற்றிலேயே இரண்டாகப் போய்விட்டது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. கோலும் மட்டமான கோல் இல்லை. பிறகு எப்படி முறிந்தது?

இந்தப் புதிர் அதிகம் எழுவது ஈத்தூண்டிலில். ஃப்ளை ஃபிஷிங் என்று உலகம் சொல்வது இதைத்தான். நம் குளத்தங்கரையில் மூங்கில் கழி, தங்கூசி, தக்கை, மண்புழு கோத்த முள் என்று உட்காருகிறோமே, அது வேறு கலை. அங்கே ஈயக்குண்டின் கனம்தான் முள்ளை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் போடுகிறது. ஈத்தூண்டிலில் நிஜ இரை கிடையாது, குண்டும் கிடையாது. சின்ன முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி கட்டியிருப்பார்கள். ஒரு கிராம்கூடத் தேறாது. அதை எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் கனத்தைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு. அதைக் கோலால் முன்னும் பின்னுமாக வீசி, காற்றில் நீள விரித்து, நுனியில் உள்ள பூச்சியை நீரின்மேல் மெல்ல இறக்க வேண்டும்.

கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்து அதற்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். 5ஆம் எண் கயிறு 140 கிரெயின், அதாவது 9 கிராம். 8ஆம் எண் 210 கிரெயின், 13.6 கிராம். அந்தந்தக் கயிற்றுக்கு அந்தந்தக் கோல். ட்ரவுட் மீனுக்குப் பலரும் வைத்திருக்கும் 5ஆம் எண் கோலை எடுத்துக்கொள்வோம். 9 அடி நீளம். எடை 80 கிராம் சொச்சம். உள்ளே துளை உள்ள கார்பன் குழாய். பிடிக்கு மேலே ஒரு சென்டிமீட்டரைவிடச் சற்றுக் குறைவான குறுக்களவு, நுனியில் 2 மில்லிமீட்டருக்குப் பக்கம். குழாயின் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். 1907இல் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகு நீலகிரி ஓடைகளுக்கும் இந்தக் கலை வந்தது. ஆனால் கோல்களின் கதை பெரும்பாலும் நடப்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்தான்.

இந்தக் கோல் நல்லதா என்று கேட்கிறவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறார். எவ்வளவு விறைப்பு? எவ்வளவு சுமையில் முறியும்? எத்தனை வருஷம் உழைக்கும்? மூன்றுக்கும் மூன்று விதச் சோதனைகள். ஒன்றின் விடையை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. விளம்பரங்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு மற்ற இரண்டுக்கும் சொன்ன மாதிரி நகர்ந்துவிடும்.

விறைப்பை அளப்பது சுலபம். வில்லியம் ஹன்னமன் என்ற அமெரிக்கர் அதை வீட்டு மேசையிலேயே செய்யும்படி ஒரு முறை வகுத்தார். கோலின் பிடியைக் கிடைமட்டமாக இறுக்கிக் கட்டு. நுனியில் ஒரு பையைத் தொங்கவிடு. பைக்குள் அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடு. கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழே இறங்கியதும் நிறுத்து. எத்தனை காசு விழுந்தது என்பதே அந்தக் கோலின் பலம். 1983 முதல் வந்த சென்ட் நாணயம் சரியாக 2.5 கிராம், நாடு முழுக்க ஒரே எடை, யார் சட்டைப்பையிலும் கிடைக்கும். நூறு பேர் நூறு இடத்தில் செய்தாலும் விடைகளை ஒப்பிடலாம். நுனி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால், கோல் நுனியில் மட்டும் வளைகிறதா, பிடி வரைக்கும் வளைகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடம் வேண்டாத இப்படியொரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இதில் கோல் எதுவும் முறிவதில்லை. விறைப்பு தெரியும், வலிமை தெரியாது.

வலிமைக்கு இன்னொரு சோதனை. நுனியில் கயிறு கட்டி, தரையில் வைத்த எடையைக் கோலாலேயே தூக்குவது. எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கோல் முறியும்வரை. பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், விற்பனைக்கும் உதவும். ஆனால் இதில் கிடைக்கும் கிலோ கணக்கு எந்தக் கோணத்தில் தூக்கினார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோல் நன்றாக வளைந்திருக்கிறது. கையிலிருந்து கயிறு போகும் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீன் ஒரு கிலோ விசையில் இழுத்தால், கைப்பிடியில் அதன் திருப்புவிசை இரண்டு கிலோ-மீட்டர். அதை எதிர்த்து நிற்பவை கட்டைவிரலும் உள்ளங்கையின் அடியும். இரண்டுக்கும் இடையில் 10 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆகவே அங்கே 20 கிலோ விசை வேண்டும். மணிக்கட்டு கெஞ்சும். ஈத்தூண்டில்காரர் அரைமணி நேரம் போராடி ஒரு கிலோ மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, ராட்சச மீன் என்று சத்தியம் செய்வதற்கு இதுதான் காரணம். அவர் கைக்குக் கனத்தது நிஜம். மீனுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் இருபதில் ஒரு பங்கு. கோலைத் தாழ்த்திப் பிடித்தால் அந்தத் தூரம் ஒரு மீட்டராகச் சுருங்கும். அதே மணிக்கட்டால் இரண்டு கிலோ இழுக்கலாம். சுமை நுனியை விட்டுத் தடித்த அடிப்பாகத்துக்கு இறங்கியும் விடும். வளைந்துகொடுக்கும் கோல் தன்னைத்தானே காத்துக்கொள்வது இப்படித்தான். சுமை கூடக்கூட நுனி கயிற்றின் திசைக்கே திரும்பி, வேலையைத் தடித்த பகுதியிடம் ஒப்படைத்துவிடுகிறது.

இனி கோல் முறியும் கோணத்தைப் பார்ப்போம். மீன் காலடிக்கு வந்துவிட்டது. ஒரு கையில் வலை. மறு கையால் கோலை மேலே தூக்கி, தலைக்குப் பின்னால் சாய்க்கிறார். கயிறு நுனியிலிருந்து நேர்கீழாக, அவர் கைக்கு மிக அருகிலேயே இறங்குகிறது. கையிலிருந்து கயிற்றுக்குத் தூரம் இப்போது ஒரு சாண் இருந்தால் அதிகம். திருப்புவிசை கையில் கிட்டத்தட்ட இல்லை. மணிக்கட்டுக்கு ஒரு கனமும் தெரியாது. ஆனால் கோலின் நடுப்பகுதிக்கு மேலே, கயிற்றை விட்டு மிகவும் விலகி நிற்கும் இடம் ஒன்று இருக்கும். மொத்த வளைப்பும் அங்கேதான் போய்க் குவிகிறது. அந்த இடமோ பென்சிலில் பாதித் தடிமன்கூட இல்லாத பகுதி. கைக்கு எச்சரிக்கை வராமலே மேல்பாதி முறிந்துவிடும். ஆலைகள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இந்த நிலையைத்தான். தரையிலிருந்து பெரிய எடையைத் தூக்கிக் காட்டிய கோலும் இந்த நிலையில் அதில் சிறு பங்குக்கே போய்விடக்கூடும். சோதனையில் பொய் ஏதுமில்லை. அது கேட்ட கேள்வி வேறு.

முறிவு எப்போது வரும் என்று சொல்ல எளிய வாய்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு குழாயை வில்லாக வளைத்தால், அதன் வெளிப்புறம் எத்தனை சதவீதம் நீள்கிறது, உட்புறம் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்பது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. குழாயின் ஆரத்தை, வளைவு வட்டத்தின் ஆரத்தால் வகுக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நுனிப்பகுதியை 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக வளைத்தால் இந்த நீட்சி, அதாவது திரிபு, ஒரு சதவீதம். 9 மில்லிமீட்டர் அடிப்பகுதியாக இருந்தால் 45 சென்டிமீட்டர் ஆரத்திலேயே அந்த ஒரு சதவீதம் வந்துவிடும். பொருள் எத்தனை சதவீதத்தில் தோற்கும் என்று தெரிந்தால், கோலை எவ்வளவு இறுக்கமாக வளைக்கலாம் என்பது கையில் கிடைத்துவிடுகிறது.

இந்த வாய்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோலின் நூற்றைம்பது வருஷச் சரித்திரத்தைப் படிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூங்கிலைக் கீறி, முக்கோண வெட்டுமுகம் உள்ள ஆறு சிம்புகளாகச் சீவி, அறுகோணக் கோலாக ஒட்டினார்கள். தொடக்கத்தில் இதற்குப் போன மூங்கில் இந்தியாவிலிருந்து கல்கத்தா வழியாகக் கப்பலேறிய கல்மூங்கில். நம் ஊர் வறண்ட காடுகளிலும் வளர்வதுதான். பிறகு சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து நேரான, நார் அடர்ந்த வேறொரு மூங்கில் வந்து அதை ஓரங்கட்டியது. மெக்லூர் என்ற தாவரவியலாளர் 1931இல்தான் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். உலகின் சிறந்த கோல்கள் அதற்குள் அந்தப் பெயரில்லாத மூங்கிலில் செய்யப்பட்டுவிட்டன.

மூங்கில் கோலைப் பெரும்பாலோர் கண்பார்வையிலும் கைப்பழக்கத்திலும் செய்த காலத்தில், எவரெட் கேரிசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதைப் பாலம் கட்டும் கணக்கோடு அணுகினார். கோலின் ஒவ்வோர் இடத்திலும் வளைப்பு எவ்வளவு, அந்த இடத்தில் நாருக்கு வரும் தகைவு எவ்வளவு என்று கையாலேயே கணக்கிட்டு, அதற்கேற்ப ஒவ்வோர் இடத்தின் தடிமனையும் முடிவு செய்தார். கயிறு சும்மா தொங்கும்போது வரும் சுமைக்குச் செய்தால் போதாது, வீசும்போது அது பெருகுமே என்று யோசித்து, எல்லாவற்றையும் நான்கால் பெருக்கிக்கொண்டார். அந்த நான்கு ஒரு பொறியாளரின் மதிப்பீடுதான். இருந்தாலும் அவர் முறை ஹோகி கார்மைக்கேலோடு சேர்ந்து எழுதிய நூலாக 1977இல் வெளிவந்து, இன்றுவரை மூங்கில் கோல் செய்பவர்களின் பாடமாக இருக்கிறது. மூங்கிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அளவு மீறினால் உடனே முறியாமல், வளைந்த திசையிலேயே கொஞ்சம் வளைந்து நின்றுவிடும். உடையவருக்கு அது எச்சரிக்கை.

1940களில் கண்ணாடி இழை வந்தது. அமெரிக்காவில் ஆர்தர் ஹோவால்ட் என்பவர் ஒடிந்துபோன மூங்கில் நுனிக்கு மாற்றாகக் கண்ணாடி இழையில் ஒன்று செய்துகொண்டது தூண்டில்காரர்களிடையே பிரசித்தம். கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேல் நீண்டுதான் அறும். அந்தக் கோலைக் கொக்கியாக வளைத்தாலும் முறிவது கடினம். ஆனால் விறைப்பு குறைவு, அதே பலத்துக்குத் தடியாகச் செய்ய வேண்டும், கனக்கும். அடுத்து வந்தது கார்பன் இழை. ஜப்பானில் ஷிண்டோவும், இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் மூவரும் 1960களில் வழிகாட்ட, விமானத்துக்கென்று பிறந்த பொருள் பத்து வருஷத்துக்குள் தூண்டில் கோலாகிவிட்டது.

கார்பனின் சங்கடம் அதன் விறைப்பிலேயே இருக்கிறது. டோரே நிறுவனத்தின் டி300 என்ற பழைய இழைக்கு, விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் 230 ஜிகாபாஸ்கல். அறும்போது நீட்சி 1.5 சதவீதம். அதே நிறுவனத்தின் எம்46ஜே இழை 436 ஜிகாபாஸ்கல், ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. ஆனால் ஒரு சதவீதத்திலேயே அறுந்துவிடும். விறைப்புக்காக வாங்கும் ஒவ்வொரு படிக்கும் விலை நீட்சியில் கழிகிறது. அதோடு பிசினில் பதித்த கார்பன் இழுவிசையைவிட அமுக்கத்துக்கு இன்னும் பலவீனம். வளைந்த கோலின் உட்புறம் அமுங்கும் புறம். அங்கேதான் முதலில் தோற்கும். கடையில் அதிநவீன உயர்விறைப்பு கார்பன் என்று பெருமையாகச் சொன்னால், எளிதில் முறியும் என்று பாதி சொல்லியாயிற்று.

இதோடும் முடியவில்லை. குழாய்க்கென்றே தனியான ஒரு நோய் உண்டு. பப்பாளி இலைக்காம்பை வளைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும், பிறகு சட்டென்று ஓரிடத்தில் மடிந்துவிடும். காம்பின் நார் எதுவும் அறுந்திருக்காது, வடிவம்தான் தோற்றது. பிரேசியர் என்ற ஆங்கிலேயர் 1927இல் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். மெல்லிய சுவருள்ள குழாயை வளைக்கும்போது அதன் வெட்டுமுகம் தட்டையாகும். தட்டையாக ஆக அதன் எதிர்ப்பு குறையும். குறையக் குறைய இன்னும் தட்டையாகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

இதற்கு வைத்தியம் சுற்றிழை. கோல் செய்யும் விதத்தைச் சொன்னால் இது புரியும். பிசின் தோய்த்த கார்பன் தாளை நீள முக்கோணமாக வெட்டி, நுனி சிறுத்த எஃகு உள்தண்டின்மேல் சுருட்டுவார்கள். மேலே நாடாவை இழுத்து இறுக்கிச் சுற்றி, சூளையில் 120 டிகிரிக்கு மேல் வேகவைத்து, தண்டை உருவிவிட்டால் குழாய். தாளில் இழைகள் எல்லாம் கோலின் நீளவாக்கில் ஓடும். அவற்றோடு குறுக்காகச் சுற்றி ஓடும் மெல்லிய இழை அடுக்கு ஒன்றையும் வைத்தால், அது வட்டத்தை வட்டமாகவே பிடித்து நிறுத்தும். ஆனால் அந்தச் சுற்றிழை விறைப்புக்கு ஒன்றும் உதவாது. எடை மட்டும் கூடும். எடையில் இரண்டு கிராம் குறைத்ததை விளம்பரப்படுத்த விரும்பும் ஆலைக்கு முதலில் கண்ணில் படுவது இந்த அடுக்குதான். கோல் உழைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் இடம் இது என்பது என் கட்சி. வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது காற்றில் முறிந்த கோலுக்கு வருவோம். வீசுவதில் கோலுக்கு வரும் சுமை எவ்வளவு? 9 கிராம் கயிறு, அரை வினாடியில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்துக்குப் போகிறது என்றால், சராசரி விசை நுனியில் ஏறக்குறைய 40 கிராம் எடையைத் தொங்கவிட்ட அளவு. உச்சக்கணத்தில் இரண்டு மடங்கு என்றாலும் நூறு கிராமுக்குள். கோலின் சொந்த எடை ஆடுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். அரைக்கிலோ, ஒரு கிலோ இழுக்கும் மீனைத் தாங்கும் கோலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஒருமுறைக்குப் பொருட்டில்லை, ஆயிரக்கணக்கான முறைக்கு? நிமிடத்துக்கு ஐந்தாறு வீச்சு என்று ஆறு மணி நேரம் நின்றால் இரண்டாயிரம் ஆகிறது. அடங்கிய சுமையே மீண்டும் மீண்டும் வந்தால் எஃகும் முறியும் என்பதை 1850களிலும் 60களிலும் பிரஷ்ய ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வோலர் என்ற பொறியாளர் நிரூபித்தார். உலோகக் களைப்பு என்று நாம் படிப்பது அதைத்தான். கோல் ஆலைகளிலும் இயந்திரத்தில் கட்டி ஆயிரக்கணக்கான தடவை வளைத்து நிமிர்த்தும் சோதனை உண்டு. ஆனால் கார்பன் இழை இந்தப் பரீட்சையில் உலோகத்தைவிட மிக நன்றாகத் தேறும். வீச்சின் சின்னச் சுமையில் அதற்குக் களைப்பு வருவதே அபூர்வம். ஆகவே வயதாகிவிட்டது, வீசி வீசித் தேய்ந்துவிட்டது என்ற விளக்கமும் நிற்காது.

குற்றவாளி பெரும்பாலும் பூச்சிதான். ஆழத்தில் இறங்க வேண்டிய பொய்ப்பூச்சிகளுக்குத் தலையில் டங்ஸ்டன் மணியோ ஈயக் கண்களோ வைப்பார்கள். 3 மில்லிமீட்டர் டங்ஸ்டன் மணி கால் கிராம் இருக்கும். வீச்சில் அது மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும். காற்று கொஞ்சம் திசை மாறினாலோ கை கொஞ்சம் தாழ்ந்தாலோ டிக் என்று ஒரு சத்தம். மணி கோலில் பட்டுவிட்டது. கோலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து வீசிக்கொண்டே இருப்பார். மேல்பூச்சில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் சில நூறு இழைகள் நொறுங்கி, பிசினும் இழையும் பிரிந்திருக்கும். அதன்பின் ஒரு நாளோ ஒரு மாதமோ கழித்து, எந்தக் காரணமும் இல்லாத ஒரு வீச்சில், கோல் அந்த இடத்தில் இரண்டாகும்.

இதன் வேரைப் பிடித்தவர் கிரிஃபித். கார்பன் இழைக்கு வழிகாட்டிய அதே ஃபார்ன்பரோவில், அதற்கு நாற்பது வருஷம் முன்பே, கண்ணாடி இழைகளை இழுத்து அறுத்துப் பார்த்தவர். கண்ணாடியின் பலம் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட ஏன் இவ்வளவு குறைவு என்பது அவர் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் முனையில் தகைவு பல மடங்கு குவிகிறது. பொருளின் பலத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள மிக மோசமான கீறல்தான் என்று 1921இல் வெளியிட்டார். இதை அடியொற்றி ஸ்வீடன் நாட்டு வைபுல் 1939இல் இன்னொரு படி போனார். மோசமான கீறல் எங்கே இருக்கும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது என்றால், பலம் என்பதும் ஒற்றை எண் ஆகாது, ஒரு பரவல். ஒரே தண்டில் சுருட்டிய பத்துக் கோல்கள் பத்துச் சுமைகளில் முறியும். ஆகவே ஒரு கோலை மட்டும் முறித்துக் காட்டி இது அதைவிடப் பலசாலி என்று சொல்லும் காட்சிகளைப் பார்த்துக் கைதட்டலாம், முடிவுக்கு வரக்கூடாது.

விமானத் துறைக்கு இந்தத் தலைவலி பழக்கம். போயிங் 787இன் எடையில் ஏறக்குறைய பாதி, பிசினில் இழை பதித்த கலவை. பழுது பார்ப்பவர் கை தவறி ஒரு ஸ்பானரை இறக்கைமேல் போட்டால், அலுமினியமாக இருந்தால் பள்ளம் தெரியும். கார்பனில் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதனால் அவர்கள் பொருளின் புதுப்பலத்தை மட்டும் நம்புவதில்லை. தகட்டை முதலில் ஒரு குறித்த எடையால் அடிக்கிறார்கள். பிறகு அமுக்கிப் பார்க்கிறார்கள். அடிபட்ட பிறகு மிஞ்சும் பலம் எவ்வளவு என்பதே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் எண். தூண்டில் கோலுக்கும் கேட்க வேண்டிய சோதனை இதுதான். புதுக் கோல் எத்தனை கிலோ தூக்குகிறது என்பதைவிட, ஒரு டங்ஸ்டன் மணியால் நாலு அடி வாங்கிய கோல் எத்தனை கிலோ தூக்குகிறது என்று சொன்னால் வாங்குகிறவருக்கு உபயோகம்.

காற்றில் முறியும் இன்னொரு வகைக்குக் காரணம் இணைப்பு. பயணத்துக்கு வசதியாக இன்றைய கோல்கள் நான்கு துண்டுகளாக வருகின்றன. ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று இறுகும். வீச்சின் அதிர்வில் அவை மெல்ல மெல்ல நெகிழும். நெகிழ்ந்த இணைப்பில் சுமை வாயின் விளிம்பில் மட்டும் விழுந்து, குழாய் நீளவாக்கில் பிளக்கும். பழுது பார்ப்பவர் துண்டைக் கையில் எடுத்ததும் இதைச் சொல்லிவிடுவார். உருப்பெருக்கியில் வைத்தால் மற்றவையும் படிக்கலாம். இழுபட்டு அறுந்த பக்கத்தில் இழைகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். அமுங்கி முறிந்த பக்கத்தில் படிப்படியாக மடிந்த கோடுகள் இருக்கும். முறிந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் கோலின் சொந்தக்காரர் கதை விட முடியாது.

ஆனாலும் ஆலைகள் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகின்றன. 1856இல் வெர்மான்ட்டில் தொடங்கிய ஆர்விஸ் நிறுவனம் தன் உயர்ரகக் கோல்களுக்கு 25 வருஷ உத்தரவாதம் தந்து பேர் வாங்கியது. மற்றவர்கள் ஆயுள் முழுவதும் என்றார்கள். வாடிக்கையாளருக்கு இது லாபம்போலத் தோன்றும். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. முறிந்தால் மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியின் செலவு கோலின் விலையிலேயே ஏறியிருக்கிறது. அந்த வாக்குறுதி இருப்பதால், இன்னும் மெல்லிய சுவர், இன்னும் விறைத்த இழை என்று துணிந்து போகலாம். நாலு கிராம் கூடுதல் சுற்றிழை போட்டு முறியாத கோல் செய்வதைவிட, எடை குறைந்த கோலைச் செய்து முறிந்ததை மாற்றித் தருவது வியாபாரத்துக்குச் சரிப்பட்டு வருகிறது. கடையில் கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பவருக்கு எடை தெரியும், உழைப்பு தெரியாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கோல் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மணி வைத்த பூச்சியை வீசும்போது கோலைத் தலைக்கு நேரே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் வீசுங்கள். டிக் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி அந்த இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இணைப்புகளை முறுக்கி இறுக்குங்கள். உள்ளே நுழையும் முனையில் கொஞ்சம் மெழுகு தடவினால் நெகிழாது. கயிற்று வளையங்களுக்குள் பஞ்சை நுழைத்து இழுங்கள். இழை சிக்கினால் வளையத்தில் தடம் விழுந்துவிட்டது, மாற்ற வேண்டும். கயிற்றின் நுனித் தங்கூசி முறியும் சுமை கோலின் தாங்குசக்திக்குள் இருக்கட்டும், 0.15 மில்லிமீட்டர் தங்கூசி இரண்டு கிலோ அளவில் அறுந்து கோலைக் காப்பாற்றும். மீன் காலடிக்கு வந்ததும் கோலைப் பின்னால் சாய்க்காமல் நீங்கள் இரண்டு அடி பின்னால் போங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே ஒன்பது அடிக் கோலை நிமிர்த்திக்கொண்டு நடக்காதீர்கள். இடி கேட்டால் கோலைக் கீழே போடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு என் சிபாரிசு, 5ஆம் எண்ணில் நடுத்தர விறைப்புள்ள, பத்துக் கிராம் கூடுதலாகக் கனக்கும் கோல். கனமான பூச்சிகளையே வீசப்போகிறவர், சின்ன ஓடையில் நிற்கப்போகிறவர், பிள்ளைகளுக்கு வாங்குகிறவர் கண்ணாடி இழைக் கோலையே வாங்கலாம். அது விலையும் குறைவு.